ஆளோலையில் ஒடுங்கிய வமிசாவளி: தென்காசி – குற்றாலம் வட்டார அடிமை முறையும் தோட்ட முதலாளிக் குடும்ப வரலாறுகளும்

ஆய்வுச்சுருக்கம்

அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பங்களின் வமிசாவளிக்கு ஆதாரமாகும் ஆவணங்களே அவ்வடிமைகளின் வமிசாவளிக்கும் ஆதாரமாகின்றன. வட அமெரிக்கக் குடியேற்றங்களின் தோட்ட முதலாளிக் குடும்பங்களை ஆராய்ந்தோர் கண்ட இவ்வுண்மை, தென் தமிழகத்து ஆளோலைகளுக்கு எவ்வாறு பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய ஊர்கள் 1956 வரை இரு வேறு ஆட்சிகளின் கீழ் அமைந்திருந்தமையால் அடிமை ஒழிப்பும் அடிமை ஆவணங்களின் ஆயுளும் இங்கு ஊருக்கு ஊர் வேறுபட்டன.

திறவுச்சொற்கள்: ஆளோலை, வழியடிமை, வமிசாவளி, சிற்றாறு, செங்கோட்டை, அஞ்சரக்கண்டி, 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம்.

முன்னுரை

தென்காசி என்ற பெயரைக் கேட்டவுடன் வரலாற்று மாணவர் நினைவுக்கு வருவது ஒரு வமிசாவளி. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன் தொடங்கி, அதிவீரராம பாண்டியர், வரதுங்கராம பாண்டியர் வரை நீளும் பிற்காலப் பாண்டியர் மரபு அது. கல்வெட்டும் செப்பேடும் இலக்கியமும் சேர்ந்து தாங்கும் வமிசாவளி. எவர்க்குப்பின் எவர் பட்டம் எய்தினார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அம்மரபு ஆராயத்தக்கது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

அக்கோயிலுக்கும் ஊருக்கும் சோறிட்ட வயல்களுக்கு நீர் தந்தது குற்றாலத்தில் அருவியாக விழுந்து தென்காசி வழியே செல்லும் சிற்றாறு. அவ்வயல்களில் நட்டும் அறுத்தும் வாழ்ந்தோருள் ஒரு பகுதியினர் விற்கவும் ஒற்றி வைக்கவும் பங்கிடவும் உரிய ஆள்களாக இருந்தனர். இவர்களுக்கு வமிசாவளி இல்லை என்பதே பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முழுதும் சரியன்று. ஓர் ஆளை உடைமையாக்கிய ஆவணம், அவ்வாள் எவர் வயிற்றில் பிறந்தார், எவரைப் பெற்றார் என்பதைக் குறித்தாக வேண்டியிருந்தது. வழிவழியாக உரிமை கொண்டாட அதுவே ஆதாரம்.

ஒரே ஏட்டில் இரு மரபுகள்

இச்செய்தியை உலக அளவில் தெளிவாகக் காட்டியவை அமெரிக்கத் தோட்ட முதலாளிக் குடும்பங்களின் ஏடுகள். வர்ஜீனியாக் குடியேற்றத்தின் சட்டமன்றம் 1662இல் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தை அடிமையா, சுதந்திர ஆளா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அதன் சாரம். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் குழந்தையின் நிலை தந்தை வழிப்பட்டது. அதனை இச்சட்டம் தலைகீழாக்கியது. இதன் விளைவுகள் இரண்டு. வெள்ளைத் தந்தைக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த குழந்தையும் அடிமையாயிற்று. தோட்டக்காரர் தம் கணக்கேட்டில் தாயின் பெயரைக் குறித்து அதன்கீழ்க் குழந்தைகளின் பெயரைக் குறிக்கும் வழக்கமும் வலுப்பெற்றது. கன்று ஈன்ற பசுவைக் குறிப்பதற்கும் இதற்கும் கணக்கு முறையில் வேறுபாடில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

‘அரசர்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ராபர்ட் கார்ட்டர் (1663–1732) வர்ஜீனியாவின் பெருநிலக்கிழாருள் ஒருவர். அவர் பெயரர் மூன்றாம் ராபர்ட் கார்ட்டர் (1728–1804) 1791இல் ஒரு கொடை ஆவணத்தைப் பதிவு செய்து, தம் உடைமையாக இருந்த ஏறத்தாழ ஐந்நூறு பேரைப் படிப்படியாக விடுவிக்கத் தொடங்கினார். பாட்டனின் உடைமைப் பட்டியலும் பேரனின் விடுதலைப் பட்டியலும் இன்று ஒரே வகையான ஆய்வுக்குப் பயன்படுகின்றன. பெயர், அகவை, இருந்த தோட்டம் ஆகியவற்றைக் கொண்டு அவர்தம் வழியினர் தம் முன்னோரை அடையாளம் காண்கின்றனர்.

தென் கரோலினாவின் பால் குடும்பம் இதனினும் விளக்கமான சான்று. அக்குடும்பத்து வழித்தோன்றலாகிய எட்வர்டு பால் 1998இல் வெளியிட்ட ‘குடும்பத்துள் அடிமைகள்’ என்னும் பொருள்படும் நூல், தம் முன்னோரின் ஏடுகளைக் கொண்டே அவர்கள் அடிமைகொண்டோரின் வழியினரைத் தேடிச் சென்ற வரலாறு. 1756இல் சியரா லியோனிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு இக்குடும்பத்தால் வாங்கப்பட்ட சிறுமிக்குப் பிரிசில்லா என்று பெயரிடப்பட்டது. அகவை பத்து எனக் குறிக்கப்பட்டது. அவள் மரபு அறுபடாமல் இன்றைய தலைமுறை வரை தொடர்வது ஏடுகளால் நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடும்ப வரலாற்றில் இது அரிய நிகழ்வு. 1850, 1860ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப்படிவம் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் உண்டு. அடிமைக்குப் பொதுவாக அகவையும் பாலும் நிறமும் மட்டுமே உண்டு. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயருடன் பதிவான முதல் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினது. அவ்வாண்டுக்கு முன் செல்ல விரும்பும் ஆய்வாளர்க்கு முதலாளியின் குடும்ப ஏட்டைத் தவிர வேறு வாயில்கள் மிகச் சிலவே.

ஆளோலையின் அமைப்பு

தமிழ் மரபில் இதற்கு இணையான ஆவணம் ஆளோலை. கல்வெட்டுகளில் ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்ற பெயரும் காணப்படுகிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமை முறை’ இத்தகைய சான்றுகளைத் தொகுத்து விளக்கிய நூல். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் பின்னர் அ. கா. பெருமாளும் வெளியுலகிற்கு அறியத் தந்தனர்.

வமிசாவளிக்கும் அடிமை ஆவணத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் வாசகர் நன்கறிந்த ஓர் இலக்கிய நிகழ்ச்சி கொண்டே விளக்கலாம். பெரிய புராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், திருமணப் பந்தரில் தோன்றிய முதிய அந்தணர் சுந்தரரைத் தம் அடிமை என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று சுந்தரர் எழுதிய ஓலையன்று. அவருடைய பாட்டனார், தாமும் தம் வழியினரும் அடிமை என எழுதிக்கொடுத்த ஓலை. சுந்தரர் கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பெற்று, பாட்டனார் கைச்சாத்து அவருடைய வேறு ஓலையுடன் ஒப்பிடப்பெற்று, வழக்கு முடிகிறது. பக்திப் பொருள் ஒருபுறமிருக்க, சேக்கிழார் காலத்து அவை நடைமுறை இதில் பதிவாகியுள்ளது எனக் கொள்ளலாம். ஒருவர் அடிமை என்பதை நிறுவ அவர் இன்னாரின் பேரர் என்பதை நிறுவினால் போதும். வமிசாவளியே இங்கு வழக்காடும் கருவி.

நில விலையோலையில் வாங்குவோர் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாக’ ஆண்டு அனுபவிக்கலாம் என்னும் வாய்பாடு வருவதுண்டு. இது வாங்குவோரின் வருங்கால மரபைச் சுட்டும் தொடர். பெயர் எதுவும் இராது. ஆளை விற்கும் ஆவணத்தில் நிலைமை மாறுகிறது. கோயிலுக்கு விற்கப்பட்ட பெண்களும் அவர்தம் மக்களும் மக்களின் மக்களும் பெயர் சுட்டப்பெறும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. உடைமையாளர் மரபு வாய்பாடாகவும் உடைமையானோர் மரபு பெயர்ப்பட்டியலாகவும் அமைவது இவ்வாவணங்களின் இயல்பு. ஓலையைப் படிப்போர் இதுவரை விற்றவர், வாங்கியவர், விலை ஆகியவற்றையே பெரும்பாலும் குறித்துக்கொண்டனர். பட்டியலில் உள்ள உறவுமுறையைத் தனியே பிரித்தெழுதிப் பார்த்தால் இரண்டு, சில இடங்களில் மூன்று தலைமுறைகளின் கிளைப்படம் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை இங்குத் தேவை. ஆவணத்தில் ஒரு சாதிப்பெயர் வருவதனால் அச்சாதியினர் அனைவரும் அடிமைகளாக இருந்தனர் என்று முடிவு செய்தல் தவறு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், வேளாளர் ஒருவர் பஞ்சத்தால் தம்மையும் தம் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு கூறுகிறது. வேளாண் அடிமைகளாகப் பள்ளர், பறையர், புலையர் ஆகியோரையே மிகுதியாகக் குறிக்கும் 19ஆம் நூற்றாண்டு அறிக்கைகளும், வரி தண்டும் நோக்கில், நிலவுடைமையாளர் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டவை. அவற்றைச் சமூக வரலாற்றின் இறுதிச் சொல்லாகக் கொள்ளும் போக்கு இன்னும் மறையவில்லை.

ஐந்து மைல், பன்னிரண்டு ஆண்டு

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏறத்தாழ ஐந்து மைல். குற்றாலம் இரண்டுக்கும் அண்மையில் உள்ளது. 1801இல் கருநாடக நவாபின் ஆட்சி உரிமை கும்பினியிடம் சென்றபின் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கின. செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் பகுதியாக நீடித்து 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று மூன்றும் 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளமையால், இடையில் ஓர் எல்லை இருந்ததை ஆவணம் தேடுவோர் மறந்துவிட நேர்கிறது.

திருவிதாங்கூரில் இராணி இலட்சுமிபாய் ஆட்சியில் 1812இல் (கொல்லம் 987) வெளியான ஆணை அடிமை விற்பனையைத் தடை செய்தது. ஆயின் நிலத்தோடு பிணைந்த வேளாண் அடிமைகளுக்கு அது விலக்களித்தது. பெரும்பான்மையினர் விலக்கினுள் அடங்கினர் என்பதால் ஆணையின் பயன் சிறிதே. சென்னை மாகாணத்தில் வருவாய் வாரியம் 1819இல் கலெக்டர்களிடம் அடிமை முறை பற்றி அறிக்கை கேட்டது. நிலத்தோடு சேர்த்து விற்கும் வழக்கும் தனித்து விற்கும் வழக்கும் இடத்துக்கு இடம் வேறுபட்டமை இத்தகைய அறிக்கைகளாலும் 1841இல் வெளியான இந்தியச் சட்ட ஆணையத்தின் அறிக்கையாலும் தெரியவருகிறது. தர்ம குமார் தம் 1965ஆம் ஆண்டு நூலில் இச்சான்றுகளை விரிவாகப் பயன்படுத்தியுள்ளார்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. அரசு அலுவலர் எவரும் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ வரிநிலுவைக்காகவோ ஓர் ஆளை அடிமை என்ற பெயரில் விற்கலாகாது. ஆள்மீதான உடைமை உரிமையை நீதிமன்றம் ஏற்கலாகாது. சுதந்திர ஆளுக்கு இழைத்தால் குற்றமாகும் செயல் அடிமை எனப்படுவோர்க்கு இழைத்தாலும் குற்றமே என்பன அவற்றுள் மூன்று. எஞ்சிய பிரிவே வமிசாவளி ஆய்வுக்கு முதன்மையானது. ஒருவர் தம் உழைப்பாலோ மரபுரிமையாலோ பெற்ற சொத்தினை, அவரோ அவர்க்கு அதனை விட்டுச்சென்றவரோ அடிமை என்ற காரணத்தால் பறிக்கலாகாது என்கிறது அது. அடிமைக்குத் தந்தையும் தாயும் உண்டு, அவர்களிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் ஏதேனும் வந்துசேரலாம் என்பதைச் சட்டம் ஏற்ற இடம் இது. சட்டம் அடிமையை விடுதலை செய்ததாக அறிவிக்கவில்லை. உடைமையாளர் நீதிமன்றத்தை நாடும் வழியை மட்டுமே அடைத்தது. அடிமையாக்குதலும் ஆள்களை வாங்கி விற்றலும் தண்டனைக்குரியனவானது 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால்தான்.

திருவிதாங்கூரில் 1853ஆம் ஆண்டு அறிவிப்பு அரசுக்குரிய அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை விடுவித்தது. ஒரே தாய் பெற்ற இரு குழந்தைகளுள் மூத்தது அடிமை, இளையது சுதந்திரம் பெற்றது என்ற நிலை இதனால் நேரக்கூடும். 1855 சூன் அறிவிப்பே (கொல்லம் 1030) முழு ஒழிப்புக்கு வழி செய்தது. ஆகவே 1843 முதல் 1855 வரை பன்னிரண்டு ஆண்டுகள், தென்காசியில் நீதிமன்றம் ஏற்காத ஆளோலை ஐந்து மைல் தொலைவில் செங்கோட்டையில் செல்லத்தக்க உரிமை ஆவணமாக நீடித்தது.

இதனால் ஆவணத்தின் காலத்தைக் கணிக்கும்போது இடத்தையும் சேர்த்து நோக்குதல் இன்றியமையாதது. எல்லையின் இருபுறமும் கொல்லம் ஆண்டே வழங்கியது. கொல்லம் எண்ணுடன் 825 கூட்டினால், ஆண்டின் பிற்பகுதி மாதங்களுக்குக் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரையுள்ள மாதங்களுக்கு 824 கூட்ட வேண்டும். கொல்லம் 1020இல் எழுதப்பட்டதாக ஓர் ஓலை கிடைத்தால், அது செங்கோட்டைப் பகுதியினதாயின் வழக்கமான உரிமைப் பத்திரம். தென்காசிப் பகுதியினதாயின் சட்டத்துக்குப் புறம்பே தொடர்ந்த நடைமுறைக்குச் சான்று. முன்னதைத் தேடத் திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்துக்கும் பின்னதைத் தேடச் சென்னைக்கும் செல்ல வேண்டியிருப்பது நடைமுறைச் சிக்கல்.

ஓலையற்ற அடிமைகள்: அஞ்சரக்கண்டி

அமெரிக்கத் தோட்ட முதலாளிக் குடும்பத்துக்கு இணையான குடும்பம் தென்னிந்தியாவில் உண்டா என்ற வினா எழலாம். குற்றாலத்தில் கும்பினியார் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்து, அவை பின்னர்த் தனியார் கைக்குச் சென்றது பலரும் அறிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட மலபாரில் கண்ணூருக்கு அருகே அஞ்சரக்கண்டியிலும் கும்பினி ஒரு வாசனைப் பொருள் தோட்டத்தைத் தொடங்கியது. அதன் மேற்பார்வையாளர் மர்டாக் பிரவுன் (1750–1828) என்னும் ஸ்காட்லாந்துக்காரர். மாஹேயில் மிளகு வணிகம் செய்து செல்வம் ஈட்டியவர். தோட்டம் பின்னர் அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவருக்குப்பின் மகன் பிரான்சிஸ் கார்னாக் பிரவுன் (1792–1868) அதனை நடத்தினார். உடைமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற, அடிமைகளைக் கொண்டு தொடங்கிய தோட்டக் குடும்பம் என்ற வகையில் வர்ஜீனியா, கரோலினாக் குடும்பங்களோடு ஒப்பிடத்தக்கது இதுவே.

தோட்ட வேலைக்கு வேண்டிய அடிமைகளை வாங்கப் பிரவுனுக்கு அதிகாரிகளின் இசைவு இருந்தது. 1800–01இல் அப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அடிமைகள் சென்மம், காணம், பாட்டம் என நிலத்தைப் போலவே மூவகையாகக் கைமாறுவதைப் பதிவு செய்துள்ளார். ஆயின் அஞ்சரக்கண்டிக்கு வந்தோருள் பலர் இம்மூவகையிலும் அடங்காதவர். 1811இல் வட மலபார் நீதிபதியாக இருந்த தாமஸ் ஹார்வி பேபர், திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட சிறார் உள்ளிட்ட பலர் அத்தோட்டத்தில் இருப்பதைக் கண்டறிந்து விடுவித்தார். அடிமைச் சாதி எனக் கருதப்படாத குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இதனால் பேபருக்கும் பிரவுனுக்கும் இடையே நெடிய பூசல் மூண்டது. அக்கடிதங்கள் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் 1828ஆம் ஆண்டு அடிமை முறை ஆவணத் தொகுதியில் அச்சேறின.

கடத்தப்பட்டவருக்கு ஆளோலை இல்லை. விலையோலையில் தாயின் பெயர் வரும். கடத்தலில் தாயின் பெயர் மறைக்கப்பட வேண்டியதாகிறது. அஞ்சரக்கண்டிச் சிறாரின் பிறப்பும் ஊரும் எழுத்தில் இடம்பெற வாய்ப்பளித்தது உடைமையாளரின் ஏடன்று, நீதிபதியின் விசாரணை. பிரிசில்லாவின் நிலையும் ஒரு பாதியில் இத்தகையதே. அவள் வழித்தோன்றல்கள் தெரியும். பெற்றோர் எவரெனத் தெரியாது. அடிமை வமிசாவளி கடத்தலில் தொடங்கினால் மேல்நோக்கிச் செல்லாது. விலையோலையில் தொடங்கினால் மேல்நோக்கி ஒரு தலைமுறையேனும் செல்லும்.

மகன் பிரவுனைப் பற்றி ஒரு செய்தி. அவர் இந்தியாவின் நலம் குறித்துப் பேசிய இலண்டன் சங்கங்களோடு தொடர்பு கொண்டவர். 1862இல் பழங்குடிப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர்க்கு எழுதிய நெடிய கடிதத்தை நூலாக வெளியிட்டவர். பாசல் மிசன் அஞ்சரக்கண்டித் தொழிலாளரிடையே பணிபுரிந்ததும் அவர் காலத்தில்தான். தந்தையை ஒரு நிறத்திலும் மகனை மறு நிறத்திலும் தீட்டிவிடுவது எளிது. தோட்டத்தின் உழைப்பு எவ்வாறு திரட்டப்பட்டதோ அதன்மேல்தான் மகனின் செல்வமும் நின்றது என்பதை அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுவோர் விட்டுவிடலாகாது.

தாய்ப்பெயரும் தந்தைப்பெயரும்

தென்காசி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை 1843க்கு முன்னும் பின்னும் இணைக்க முயல்வோர் சந்திக்கும் முதன்மைத் தடை ஆவணப் பற்றாக்குறை மட்டுமன்று. ஆவணங்கள் வெவ்வேறு உறவைக் கணக்கிடுவதும் ஆகும். அமெரிக்காவின் 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு இணையாக இங்கு எதுவும் இல்லை. இந்தியக் கணக்கெடுப்பின் தனிநபர்ப் படிவங்கள் ஆய்வாளர் பயன்பாட்டுக்கெனப் பாதுகாக்கப்படவில்லை. ஆனால் கடல் கடந்து சென்றோர்க்கு வேறு பதிவுகள் உள. மொரீசியசின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள குடியேறியோர் பதிவேடுகளிலும், 1860 முதல் நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பட்டியல்களிலும் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், மாவட்டம் ஆகியன இடம்பெறும். ஒப்பந்தக் கூலி முறையை அடிமை முறையின் மறுவடிவம் என்பாரும் மறுப்பாரும் உளர். வமிசாவளி நோக்கில் அது முற்றிலும் வேறுபட்ட ஆவண உலகம்.

ஆளோலை பெரிதும் தாயைக் குறிக்கும். கப்பல் பட்டியல் தந்தையைக் குறிக்கும். எனவே ஒருவர் இரண்டிலும் இடம்பெற்றிருந்தாலும், இரு பதிவுகளும் ஒரே ஆளைச் சுட்டுகின்றன என்பதற்குப் பெயரும் ஊரும் மட்டுமே எஞ்சும். ஒரே ஊரில் ஒரே பெயரினர் பலர் இருந்த சூழலில் இது போதாது. இவ்விடைவெளியை நிரப்பத்தக்கவை திருநெல்வேலிச் சீமையில் 19ஆம் நூற்றாண்டில் பணிபுரிந்த மிசன்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள். அவற்றில் தாய், தந்தை இருவர் பெயரும் இடம்பெற வாய்ப்புண்டு. கிறித்துவத்தைத் தழுவாக் குடும்பங்களுக்கு இவ்வழியும் இல்லை. அவர்களுக்குக் குலதெய்வக் கோயில் வரிப்பட்டியலும் வாய்மொழி மரபுமே துணை.

ஓலைத் தொகுப்புகளின் விளக்க அட்டவணைகள் பொதுவாக விற்றவர், வாங்கியவர் பெயரைத் தலைப்பாகக் கொண்டு அகரவரிசைப்படுத்தப்படுகின்றன. விற்கப்பட்டோரின் பெயர் உள்ளடக்கச் சுருக்கத்தில் ‘ஓர் அடிமை’, ‘அடிமைப் பெண்ணும் மக்களும்’ என மறைந்துவிடுகிறது. 1850ஆம் ஆண்டு அமெரிக்கப் படிவம் செய்ததையே இவ்வட்டவணையும் செய்கிறது. வேறுபாடு யாதெனில், அமெரிக்கப் படிவத்தில் பொதுவாகப் பெயர் எழுதப்படவில்லை, இங்கு ஓலையில் பெயர் இருக்கிறது. ஆள்பெயர், தாய்பெயர், மக்கள் பெயர், ஊர், கொல்லம் ஆண்டு, எல்லையின் எப்பக்கம் என்னும் ஆறு புலங்களைக் கூடுதலாகச் சேர்த்தால் ஓர் ஓலை மற்றோர் ஓலையோடு உறவு கொள்ளத் தொடங்கும். தாயை ஒற்றி வைத்த ஓலையும் முப்பது ஆண்டுகளுக்குப்பின் மகளை விற்ற ஓலையும் வேறு வேறு குடும்பங்களின் ஓலைக்கட்டில் கிடக்கக்கூடும். அவ்விரண்டையும் சேர்த்து வைக்கத்தக்க கயிறு அவ்விரு பெண்களின் பெயர் மட்டுமே.